வடலூர் வள்ளலும் மேடைப் பிரசங்கிகளும்

பத்திரத்தில் தனக்கு அனுகூலமான வாசகத்தை மட்டும் உரக்கப் படித்து, எஞ்சியதை மடித்து மறைக்கும் கட்சிக்காரனை எந்த நியாயஸ்தலமும் நம்புவதில்லை. மகான்களின் பெயரால் அதே காரியம் நடக்கும்போது மட்டும் ஜனங்கள் கைதட்டுகிறார்கள். இராமலிங்க சுவாமிகளுக்கு இக்கதி நேர்ந்திருப்பது கண்டு நாம் வருந்துகிறோம். அவருடைய இருநூறாவது ஆண்டையொட்டி, 2023-ல், ஒரு சாரார் அவரைச் சனாதன தர்மத்தின் சிகரம் என்றனர். மற்றொரு சாரார் அவரைச் சனாதனத்தின் சத்துரு என்றனர். அவரது சரித்திரமோ இரு சாராருக்கும் முற்றிலும் இசைந்து கொடுப்பதன்று.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5-ந் தேதி பிறந்த சுவாமிகள், சிசுப் பருவத்திலேயே தந்தையை இழந்து, சென்னையில் தமையனார் இல்லத்தில் வளர்ந்தார். கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர்ச் சிவனையும் உள்ளம் உருகிப் பாடினார். அந்நாளில் அவர் சைவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1865-ல் சன்மார்க்க சங்கம் கண்ட பின்னர் அவருடைய நோக்கு விரிந்தது. 1873-ல் மேட்டுக்குப்பத்தில் செய்த உபதேசத்தில், சைவத்தில் தமக்கு முன்பிருந்த பற்றைத் தாமே கைவிட்டதாக வெளிப்படையாய் அறிவித்தார். வேத ஆகமங்களில் லட்சியம் வைக்க வேண்டாமென்றும் அன்பர்களை எச்சரித்தார். அவரைச் சனாதனி என்போர் இவ்வுபதேசத்தை வாசிப்பதில்லை.

மற்றவர்களும் பாக்கி வைக்காமல் வாசிப்பவர்கள் அல்லர். சாதியையும் வருணாசிரம ஆசாரங்களையும் மறுத்த அவர், அருட்பெருஞ்ஜோதியாகிய ஒரே கடவுளைக் கடைசி மூச்சுவரை நம்பினார். புலால் உண்போரைத் தம் அகவினத்தில் சேர்க்கவும் இசையவில்லை. பகுத்தறிவு பேசுவோர் இவ்விரண்டையும் மெல்ல விட்டுவிடுகின்றனர்.

நூல்கள் வெளிவந்த வரலாறும் இதற்கு உதவியாயிற்று. 1867-ல் அச்சேறிய திருவருட்பாவில் முதல் நான்கு திருமுறைகளே இருந்தன; சாதி சமய பேதங்களைச் சாடும் ஆறாம் திருமுறை 1885-ல்தான் அச்சாயிற்று. அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே, 1874 ஜனவரி 30-ந் தேதி, அவர் சித்திவளாகத்து அறையுள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஆகவே அவரவருக்கு வேண்டிய இராமலிங்கர் அவரவர் புரட்டும் ஏட்டில் அகப்படுகிறார்.

முன்னிருந்த பக்தரும் பின்வந்த சீர்திருத்தக்காரரும் ஒருவரே என்பதற்கு ஏட்டினும் வலிய சாட்சி ஒன்று உண்டு. 1867 மே 23-ந் தேதி வடலூர்த் தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே சோறு பெறுகிறவனிடம் சாதியும் சமயமும் கேட்கப்படுவதில்லை. தம் சங்கத்துக்குப் புறம்பென்று அவர் கருதிய புலால் உண்பவனுக்கும் பசி தீர்க்க வேண்டும் என்பதே அவர் இட்ட கட்டளை.

ஜீவகாருண்யம் என்னும் இத்தருமத்தை விட்டுவிட்டு அவர் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்பது, அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலைப் புகழ்வதற்கு ஒப்பாகும். எக்கட்சியாராயினும், மேடையேறுமுன் தம் ஊரில் பசித்திருப்பவன் எவன் என்று விசாரித்துவிட்டு ஏறுவார்களாக. அதன்பின் அவர் பெயரை உச்சரிக்கும் உரிமையை நாம் மறுக்கமாட்டோம்.