நன்றி மறவாத ஐயரவர்கள்

சேலம், நாமக்கல் பக்கத்தாராகிய நாம் பெருமையுடன் நினைத்தற்குரியவர் சேலம் இராமசுவாமி முதலியார். அவர் புகழை நிலைநிறுத்தியவர்கள் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள்.

1855-இல் பிறந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட ஐயரவர்கள், 1880-இல் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியரானார்கள். அவ்வாண்டிலேயே அந்நகருக்கு முன்சீபாக வந்த முதலியாரைக் கண்டார்கள். தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் முதலியவற்றை அடுக்கிக் கூறியும் முதலியார் வியந்தாரில்லை. சீவகசிந்தாமணி போன்ற பழைய நூல்களைக் கற்றதுண்டோ என வினவினார். அவ்வினா ஐயரவர்களின் வாழ்வையே புதுவழியிற் செலுத்தியது. முதலியார் அளித்த பிரதியைக்கொண்டு தொடங்கிய ஆராய்ச்சி, 1887-இல் சிந்தாமணிப் பதிப்பாக நிறைவேறிற்று. 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் வெளிவந்தன.

முதலியார் நாற்பது வயது நிரம்புமுன்னே 1892-இல் காலமானார். ஐயரவர்களோ 1940-இல், எண்பத்தைந்தாம் பிராயத்தை அடுத்து, ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை எழுதத் தொடங்கினார்கள். தமது கல்வியின் குறைவு வெளிப்பட்ட அந்தப் பழைய சந்திப்பை மறையாது விரித்துரைத்து, வழிகாட்டிய பெருமையை முதலியாருக்கே உரியதாக்கினார்கள். அச்சரித்திரம் முற்றுப்பெறுமுன் 1942-இல் மறைந்தார்கள்.

முதலியார் வேறு குலத்தவர். வயதிலும் இரண்டொரு ஆண்டே மூத்தவர். ஐயரவர்கள் அவற்றை நோக்கினார்களில்லை. நம் இளைஞர்களும் தமக்கு அறிவுக்கண் திறந்தவர் எக்குலத்தவராயினும் நன்றி பாராட்டுவாராக. அவர் உயிருடன் இருக்கும்பொழுதே அதனைக் கூறுவாராக.