ஒரு பைசாவுக்கு ஓர் ஏடு: அயோத்திதாசப் பண்டிதர்

ஏடு என்றால் ஒரு காலத்தில் பனையோலை. ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, மை தடவி, துளையிட்டுக் கயிற்றில் கோத்துக் கட்டினால் அது சுவடி. காகிதமும் அச்சும் வந்த பிறகும் அந்தச் சொல்லைத் தமிழ் கைவிடவில்லை. நாள்தோறும் வருவதை நாளேடு என்கிறோம், வாரந்தோறும் வருவதை வார ஏடு என்கிறோம். ஓலையிலிருந்து அச்சுக்குத் தமிழ் கடந்து வந்த 19ஆம் நூற்றாண்டில் பிறந்து, இரண்டு வகை ஏட்டையும் தம் மக்களின் விடுதலைக்குக் கருவியாக்கியவர் அயோத்திதாசப் பண்டிதர்.

அவர் பிறந்தது 1845 மே 20. பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி தந்த ஆசிரியர் அயோத்திதாசக் கவிராயரின் பெயரையே பின்னாளில் தம் பெயராக வைத்துக்கொண்டார். எழுத்தறிவித்தவருக்கு மாணவர் செலுத்திய காணிக்கை அது. தமிழ் இலக்கண இலக்கியம், சித்த மருத்துவம், வடமொழி, பாலி எனப் பலவும் பயின்றார். இளமையில் நீலகிரியில் வாழ்ந்தார். வைத்தியமே அவருக்குச் சோறு போட்டது.

வீட்டில் இருந்த சுவடி

பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் சமையல் பணி செய்தவர். தம் வீட்டில் தலைமுறையாகக் காத்துவந்த திருக்குறள் முதலிய ஓலைச்சுவடிகளை அவர் அந்த அதிகாரியிடம் கொடுத்தார். அவை தமிழறிந்த எல்லிஸ் துரையின் கைக்குப் போய் அச்சேறின. இந்தச் செய்தியைப் பண்டிதரே தம் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். திருக்குறள் முதன்முதலில் அச்சானது 1812இல்.

ஓலைக்கு ஆயுள் குறைவு. கறையானும் பூச்சியும் ஈரமும் அதைத் தின்றுவிடும். ஆகவே பழைய ஓலை உதிருமுன் புதிய ஓலையில் படியெடுக்க வேண்டும். ஒரு நூல் ஆயிரம் ஆண்டு தாண்டி நம்மிடம் வந்திருக்கிறது என்றால், அதை இயற்றியவர் ஒருவர். படியெடுத்துக் காத்தவர்களோ பலர். அச்சுப் புத்தகத்தின் முகப்பில் நூலாசிரியர் பெயர் வரும், உரையாசிரியர் பெயர் வரும், பதிப்பித்தவர் பெயரும் வரும். ஓலையைக் காத்துக் கொடுத்தவர் பெயருக்கு அங்கே இடம் இல்லை. கல்வியே இல்லாத கூட்டம் என்று ஏசப்பட்ட மக்களின் வீட்டில் குறள் இருந்தது என்பதைப் பண்டிதர் எழுதிவைக்காமல் போயிருந்தால், கந்தப்பன் என்ற பெயரையும் நாம் அறிந்திருக்க மாட்டோம்.

அதோடு அவர் நிற்கவில்லை. வள்ளுவரின் பிறப்பு பற்றி அச்சு நூல்களில் வந்த கதைகள் பின்னால் சேர்க்கப்பட்டவை என்று வாதாடினார். மூலம் எது, இடைச்செருகல் எது என்று கேட்கும் உரிமை ஓலை காத்த வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு என்பதே அந்த வாதத்தின் உயிர்.

பதிவேட்டில் என்ன பெயர்?

ஓலைச்சுவடியைப் போலவே சர்க்காரின் பதிவேடும் ஓர் ஏடுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது, ஒடுக்கப்பட்ட மக்களைப் பிறர் இழிவாக அழைத்த பெயர்களிலேயே எழுதிக்கொள்ளும் நிலை இருந்தது. 1881 கணக்கெடுப்பை ஒட்டி, தம் மக்களைப் பூர்வத் தமிழர் என்று பதிவுசெய்ய வேண்டும் எனப் பண்டிதர் கேட்டார். பின்னாளில் சாதிபேதமற்ற திராவிடர் என்ற பெயரை முன்வைத்தார். தன் பெயரை எழுதும் பேனா தன் கையில் இருக்க வேண்டும் என்ற அரசியலை இந்த மண்ணில் முதலில் பேசியவர்களில் அவர் ஒருவர்.

1891 டிசம்பர் 1 அன்று உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். மறு ஆண்டு சென்னையில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்திற்கு நீலகிரிப் பிரதிநிதியாகப் போனார். கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டபோது அவையில் எதிர்ப்பு எழுந்தது. தம் மக்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி வேண்டும், தரிசு நிலம் வேண்டும் என்றும் கேட்டார். பிரம்மஞான சபையின் ஆல்காட் 1894இல் அடையாறு பக்கம் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கியதற்குப் பின்னால் பண்டிதர் போன்றோரின் தூண்டுதலும் இருந்தது. 1898இல் ஆல்காட்டுடன் இலங்கைக்குச் சென்று பௌத்தம் தழுவினார். சென்னைக்குத் திரும்பி இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

தமிழன் பிறந்த கதை

பத்திரிகை அவருக்குப் புதிதல்ல. 1885இலேயே ஜான் ரத்தினத்துடன் சேர்ந்து திராவிட பாண்டியன் இதழில் பங்கெடுத்தவர். 1893இல் அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் பறையன் என்ற பெயரில் இதழ் தொடங்கினார். பிறர் இழிவாக்கிய பெயரை வெட்கப்படாமல் எடுத்துச் சொன்னால்தான் உரிமை கிட்டும் என்பது சீனிவாசனின் எண்ணம். அந்தப் பெயரே பகைவர் வைத்தது, அதை ஏன் நாம் சுமக்க வேண்டும் என்பது பண்டிதரின் எண்ணம். பறை என்றால் சொல்லுதல் என்றும் பொருள் உண்டு. உண்மையைப் பறைந்தவர்களுக்கே அந்தப் பெயர் வசையாகச் சூட்டப்பட்டது என்று அவர் விளக்கம் சொன்னார். ஒரே குடும்பத்தில் இருவர், இதழின் தலைப்பு பற்றி இருவேறு கருத்து. இரண்டுமே தன்மானத்தில் பிறந்தவைதாம்.

1907 ஜூன் 19, புதன்கிழமை. இராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாத் தமிழன் வெளிவந்தது. நான்கு பக்கம், விலை ஒரு பைசா. அன்றைய கணக்கில் ரூபாய்க்கு 64 பைசா. கூலி வேலை செய்பவரும் வாங்க வேண்டும் என்பதால் விலையையே தலைப்பில் சேர்த்துவிட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 26 முதல், வாசகர் விருப்பப்படி, தமிழன் என்று பெயர் சுருங்கியது. சேரியில் பிறந்தவருக்குத் தமிழர் என்ற பெயரைத் தர மறுத்த காலத்தில், அந்த மக்களிடமிருந்து வந்த இதழ் அந்தச் சொல்லையே தலையில் சூடிக்கொண்டது.

அந்த நான்கு பக்கங்களில் வரலாறு இருந்தது, அரசியல் இருந்தது, பௌத்த அறம் இருந்தது, வாசகர் கேட்ட ஐயங்களுக்கு விடையும் இருந்தது. இந்திரர் தேச சரித்திரம், ஆதி வேதம் போன்ற நூல்களைப் பண்டிதர் தந்தார். ஔவையின் நீதி நூல்களுக்கும் குறளுக்கும் பௌத்த நோக்கில் உரை எழுதினார். திருக்குறளைத் திரிக்குறள் என்று எழுதி, அதன் முப்பாலைப் பௌத்தரின் மூன்று பிடகங்களோடு பொருத்தினார். அவருடைய சொல்லாராய்ச்சி எல்லாவற்றையும் இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. ஆனால் அவர் செய்த காரியம் பெரிது. உரை சொல்லும் இடம் சிலருக்கே சொந்தம் என்றிருந்த நாட்டில், அவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

தமிழன் இதழுக்குக் கோலார் தங்கவயலில் வாசகர் இருந்தார்கள். பிழைப்பு தேடிக் கடல் கடந்து போன தமிழரிடமும் அது சென்று சேர்ந்தது. எழுதுவது, பணம் திரட்டுவது, அச்சுக்கு அனுப்புவது எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே வைத்தியமும் பார்த்த பண்டிதர், 1914 மே 5 அன்று மறைந்தார். குறளுக்கு அவர் எழுதிவந்த உரை முடிவடையாமலே நின்றது. மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். 1926இல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் மீண்டும் தமிழனைக் கொண்டுவந்தார்.

பிறகு நீண்ட மறதி. தமிழ் இதழியல் பற்றியும் திராவிட இயக்கம் பற்றியும் எழுதியவர்களில் பலர் இந்தப் பெயரைத் தொடாமலே கடந்தார்கள். பழைய இதழ்களையும் நூல்களையும் சில குடும்பங்கள் பெட்டியில் பூட்டிக் காத்தன. அன்று கந்தப்பன் ஓலையைக் காத்தது போலத்தான் இதுவும். அப்படிக் காத்தவற்றைத் தேடித் திரட்டி, 1999இல் ஞான. அலாய்சியஸ் அயோத்திதாசர் சிந்தனைகள் என்ற தொகுப்பாகப் பதிப்பித்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அதை வெளியிட்டது. அதன் பிறகுதான் பல்கலைக்கழகங்கள் அவரைப் படிக்கத் தொடங்கின. 2005இல் அஞ்சல் தலை வந்தது. 2023இல் சென்னை காந்தி மண்டப வளாகத்தில் மணிமண்டபமும் எழுந்தது.

நூறாண்டுக்கு முன் எழுதியவருக்கு இவ்வளவு தாமதமாக ஏன் பெயர் கிடைத்தது என்று மாணவர்கள் கேட்க வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. எழுதியதைக் காக்கவும், திரும்ப அச்சிடவும், பாடத்தில் வைக்கவும் ஆள் வேண்டும். நம் ஊர்களில் இன்னும் பரண்மேல் கிடக்கின்றன: பாட்டனார் எழுதிய வைத்திய ஏடு, கூத்துக் கட்டியவரின் பாட்டு நோட்டு, பள்ளிக்கூடம் கேட்டு ஊரார் கொடுத்த மனுவின் நகல், பழைய சங்கத்தின் துண்டறிக்கை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பழங்குப்பை என்று போகி நெருப்பில் போய்விடுபவை அவை. இந்த முறை எரிக்குமுன் ஒருதரம் பிரித்துப் பாருங்கள். எழுதியவர் பெயரையும் காத்துவைத்தவர் பெயரையும் கேட்டு, அதன் மேலேயே எழுதிவையுங்கள்.