புனித சார்லஸ் பொரோமியோ: ஒரு மேய்ப்பரின் வரலாறு



நம் ஆலயத்தின் இடப்புறப் பீடத்தில் சிவப்பு அங்கியும், கழுத்தில் கயிறும், கையில் பாடுபட்ட சுரூபமுமாக வெறுங்காலோடு நிற்கும் புனிதரை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். பெயரை அறிந்தவர்கள் சிலரே. அந்தோணியார் பீடத்திலும் மாதா கெபியிலும் மெழுகுதிரி வைக்க இடமில்லாத செவ்வாய்க்கிழமைகளிலும் அவர் பீடம் இருட்டாகவே கிடக்கும். சென்ற ஆண்டு புதுநன்மை வகுப்பில் ஒரு சிறுவன், இந்தச் சாமியார் என்ன குற்றம் செய்ததற்காகத் தூக்குக் கயிறு மாட்டியிருக்கிறார் என்று என்னைக் கேட்டான். பொன்விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று குழுவினர் வந்து நின்றபோது, அந்தக் கேள்விக்குப் பதில் எழுதினாலே போதும் என்று தோன்றிற்று.

வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், மஜோரே என்றொரு பெரிய ஏரி உண்டு. அதன் தென்கரையிலுள்ள அரோனா கோட்டையில் 1538-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் நாள் சார்லஸ் பிறந்தார். இத்தாலியர் கார்லோ என்பர். பொரோமியோ என்பது குடும்பப் பெயர். ரோமைக்குத் திருயாத்திரை போய்வந்த நல்லவன் என்ற பொருளில் அப்பெயர் அமைந்தது என்பார்கள். தொஸ்கானா நாட்டிலிருந்து மிலானுக்குக் குடியேறி, வட்டித்தொழிலிலும் வங்கித்தொழிலிலும் பொருள் சேர்த்து, பிரபுக்களானவர்கள் அவர்கள். அவ்வேரியிலுள்ள அழகிய தீவுகள் இன்றும் பொரோமியோ தீவுகள் என்றே அழைக்கப்படுகின்றன.

தந்தை ஜில்பெர்த்தோ பக்திமான். தாய் மார்கரீத்தா மிலான் மெதிச்சி வீட்டுப் பெண். இளைய மகனாகிய சார்லசுக்குப் பன்னிரண்டு வயதிலேயே அரோனா மடத்தின் அதிபர் பட்டமும் வருமானமும் கொடுக்கப்பட்டன. மடத்தில் ஒரு நாளும் வசிக்காத சிறுவன் மடாதிபதியாவது நமக்கு நகைப்பாக இருக்கலாம். அக்காலத் திருச்சபைக்குப் பிடித்திருந்த நோயே அதுதான். ஆனால் அந்தச் சிறுவன், தன் படிப்புச் செலவு போக எஞ்சிய பணம் ஏழைகளுடையது, குடும்பச் செலவுக்கு அதைத் தொடக்கூடாது என்று தகப்பனாரிடம் சொல்லிவிட்டான்.

பாவியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1559-ல் டாக்டர் பட்டம் பெற்றார். நாக்குத் தடுமாறும், வேகமாகப் பேச வராது. அவரைப் பெரிய புத்திசாலி என்று யாரும் எண்ணவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் தாய்மாமன் திருத்தந்தை 4-ம் பத்திநாதராகத் தெரிவு செய்யப்பட்டார். அடுத்த மாதமே, இருபத்தொரு வயதில், மருமகன் கர்தினால். அதற்கடுத்த மாதம் மிலான் உயர்மறைமாவட்டத்தின் நிர்வாகி. அப்போது அவர் குருவானவர்கூட அல்லர். இதை அப்படியே எழுதுகிறேன்; உறவுமுறைச் சலுகையால் வந்த பதவி என்பதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. ரோமையில் பெரிய வீடு, வேட்டை, சங்கீதம், கல்விமான்களோடு இரவுக் கூட்டங்கள் என்று காலம் போயிற்று. அத்தனைக்கும் நடுவில் மாமனின் அலுவலையெல்லாம் சுமந்து உழைத்தார்.

1562 நவம்பரில் அண்ணன் பெதரிக்கோ திடீரென இறந்தார். குடும்பத்துக்கு ஆண் வாரிசு இல்லை. கர்தினால் பட்டத்தைக் கைவிட்டுத் திருமணம் செய்துகொள்ள வேண்டும் என்று உறவினர்கள் வற்புறுத்தினார்கள். அவர் உயர்பட்டம் பெறாதவராகையால் அது முடியக்கூடியதே. நம்மூர்ப் பெரிய குடும்பங்களிலும் இப்படிப்பட்ட வற்புறுத்தலை நான் கண்டிருக்கிறேன். சார்லஸ் 1563-ல் குருப்பட்டம் பெற்று அந்தப் பேச்சை முடித்துவிட்டார். அதே ஆண்டு டிசம்பர் 7-ம் நாள், மிலானின் பழைய பேராயராகிய புனித அம்புரோசியாரின் திருநாளில், ஆயராக அபிஷேகம் செய்யப்பட்டார்.

அந்த நாட்களில்தான் திரெந்து பொதுச்சங்கம் முடிவடைந்தது. சங்கத்துக்கும் திருத்தந்தைக்கும் இடையே ஓடிய கடிதங்களெல்லாம் சார்லசின் கைவழியாகவே சென்றன. ஆயர் தம் மறைமாவட்டத்திலேயே வசிக்க வேண்டும், மறைமாவட்டந்தோறும் குருமடம் வேண்டும், ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குக் குரு பதிவேட்டில் எழுத வேண்டும் என்பவை சங்கத்தின் கட்டளைகள். நம் அறைவீட்டு அலமாரியில் கரையானுக்குத் தப்பிக் கிடக்கிற பழைய பதிவேடுகள் அங்கிருந்து வந்தவையே. தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் தேடி என்னிடம் வருகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். 1566-ல் வெளிவந்த பங்குக் குருக்களுக்கான ரோமை ஞானோபதேச நூலும் சார்லசின் மேற்பார்வையில் உருவானதே.

கட்டளை எழுதுவது எளிது. மிலானில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக எந்தப் பேராயரும் வந்து தங்கியதில்லை. தாம் எழுத உதவிய சட்டத்துக்குத் தாமே கீழ்ப்படிய வேண்டுமென்று மாமனிடம் மன்றாடி, 1565 செப்டம்பரில் சார்லஸ் மிலானுக்குள் நுழைந்தார். இலத்தீன் தெரியாத குருக்களும், பூட்டிக் கிடக்கும் கோவில்களும், தானியக் களஞ்சியமாகிவிட்ட சிற்றாலயங்களும் அவரை வரவேற்றன. குருமடத்தை அதற்கு முந்திய ஆண்டே தொடங்கச் செய்திருந்தார். தம் வெள்ளிப் பாத்திரங்களை விற்றார். ஆறு மாகாணச் சங்கங்களும் பதினொரு மறைமாவட்டச் சங்கங்களும் கூட்டினார். கோவேறு கழுதை போகாத மலைக்கிராமங்களுக்கு நடந்தே போய் விசாரணை செய்தார். பாவசங்கீர்த்தனத்தில் குருவுக்கும் பெண்களுக்கும் இடையே கம்பிவலைத் தடுப்பு வைக்கும் ஏற்பாட்டை நிலைநிறுத்தியவரும் அவரே. நாம் முழந்தாளிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் கதை அது. ஞாயிறுதோறும் நடந்த ஞானோபதேசப் பள்ளிகளை அவர் தொடங்கவில்லை, முன்பே இருந்தன. அவற்றைப் பங்குதோறும் பரப்பியதுதான் அவர் வேலை. அவர் இறந்தபோது 700-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் சுமார் 40,000 பேர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று எண்ண வேண்டாம். 1569-ல் ஸ்காலா மரியன்னை ஆலயத்துக்கு அவர் விசாரணைக்குச் சென்றபோது, அங்கிருந்த குருக்கள் அவர் முகத்துக்கு எதிரிலேயே கதவைச் சாத்தினார்கள். (பிற்காலத்தில் அந்த ஆலயம் இடிக்கப்பட்டு, அதே இடத்தில்தான் உலகப் புகழ் பெற்ற ஸ்காலா நாடக அரங்கம் எழுந்தது.) அதே ஆண்டு அக்டோபர் 26-ம் நாள் மாலைச் செபத்தில் முழந்தாளிட்டிருந்த பேராயரை, ஊமிலியாத்தி என்ற துறவற சபையைச் சேர்ந்த ஒருவன் பின்னாலிருந்து துப்பாக்கியால் சுட்டான். அச்சபையின் சீர்கேட்டைத் திருத்த முற்பட்டதே காரணம். குண்டு உடையைத் துளைத்தும் உடலில் நுழையவில்லை. கன்றிய தழும்பு மட்டுமே. செபம் முடியும்வரை யாரும் அசையக்கூடாது என்று அவர் கையமர்த்தினார். குற்றவாளிகளின் உயிருக்காக அவர் மன்றாடியும் அரசாங்கம் அவர்களுக்கு மரணதண்டனை நிறைவேற்றியது. 1571-ல் அந்தச் சபையே கலைக்கப்பட்டது.

கடின சித்தம் உள்ளவர் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நடனத்துக்கும் கார்னிவல் விழாவுக்கும் தடை விதித்தார். 1573-ல் ஸ்பானிய ஆளுநரையே சபைநீக்கம் செய்தார். 1583-ல் சுவிட்சர்லாந்தின் மெசொல்சினா பள்ளத்தாக்கில் அவர் விசாரணை நடத்தியபோது, சூனியக்காரர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் சிலர் எரிக்கப்பட்டார்கள். அக்கால மனிதராக அவர் அதை ஏற்றுக்கொண்டார். அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது வரலாறாகாது. புனிதர் பட்டம் அதையும் சரி என்று ஆக்கிவிடுவதில்லை.

இனிக் கயிற்றின் கதைக்கு வருவோம். 1576 ஆகஸ்ட் மாதத்தில் மிலானில் கொள்ளைநோய் புகுந்தது. ஆளுநர் நகரை விட்டு வெளியேறினார். வசதி படைத்தோர் தங்கள் நாட்டுப்புற மாளிகைகளுக்கு ஓடினார்கள். சார்லஸ் அப்போது நகரில் இல்லை. ஓர் ஆயரின் மரணத்தை முன்னிட்டு லோதி நகரில் இருந்தார். செய்தி கேட்டதும் எல்லாரும் வெளியேறிக்கொண்டிருந்த வாயில் வழியே உள்ளே திரும்பினார். மரணசாசனம் எழுதி, நகரின் பெரிய மருத்துவமனையைத் தம் வாரிசாக்கினார். பிறகு நகருக்கு வெளியே நோயாளிகளை அடைத்து வைத்திருந்த லாசரெத்தோவுக்குப் போனார். உணவில்லை, ஆடையில்லை, பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருக்களில்லை. குருக்கள் அஞ்சினார்கள். அவர்களுக்காகத் துறவறத்தாரை வேண்டி அழைத்தார். கப்புச்சின் சபையார் வந்தார்கள். அரண்மனையின் திரைச்சீலைகளையும் சித்திரக் கம்பளங்களையும் கிழித்து உடை தைக்கக் கொடுத்தார். பிணங்கள் கிடந்த வீடுகளுக்குள் நுழைந்து சாகக் கிடந்தவர்களுக்கு நற்கருணை வழங்கினார். தம்மோடு வருவோர் தம்மைத் தொடாதபடி கையில் ஒரு கோல் வைத்திருந்தார். பயமறியாத மூடத் துணிச்சல் அல்ல அது.

அக்டோபரில் மூன்று பவனிகள் நடத்தினார். கூட்டம் கூடினால் நோய் பரவும் என்று அதிகாரிகள் தயங்கினார்கள். நகரத்தின் பாவத்தைத் தம் பாவமாக ஏற்று, தண்டனைக்குப் போகும் குற்றவாளியைப் போலக் கழுத்தில் கயிற்றைக் கட்டி, ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த ஆணி என்று அந்நகர் வணங்கும் திருப்பண்டத்தை ஏந்தி, வெறுங்காலோடு நடந்தார். வழியில் கால் இடறி, விரல் நகம் பெயர்ந்து இரத்தம் வழிந்தது. சிறுவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

பிறகு நகரம் முழுவதும் வீட்டுக்குள் அடைக்கப்பட்டது. கோவிலுக்கு யாரும் வர முடியாதென்றால் கோவில் அவர்களிடம் போகட்டும் என்று தெருமுனைகளில் பீடங்கள் எழுப்பச் செய்தார். மக்கள் சன்னல்களிலிருந்தே பூசை கண்டார்கள். நாளுக்கு ஏழு முறை மணியடிக்கும். தெரு முழுவதும் சன்னலுக்குச் சன்னல் பிரார்த்தனையில் பதில் சொல்லும். நோய் ஓய்ந்தது என்று அறிவிக்க 1578 சனவரி வரை ஆயிற்று. நகரில் மட்டும் ஏறத்தாழ 17,000 பேர் இறந்தார்கள்.

2020-ல் நம் ஆலயக் கதவைப் பூட்டிவிட்டு, கைப்பேசியின் முன்னால் நின்று நான் பூசை வைத்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது அந்தச் சன்னல்களை அடிக்கடி நினைத்தேன். 2021 மே மாதம் ஓர் இரவு, நோயில்பூசுதலுக்கு என்னை அழைத்தார்கள். பேசிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பிறகு எழுந்து போனேன். நான் போய்ச் சேருமுன் அவர் உயிர் பிரிந்துவிட்டது. வீட்டார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, தேநீர் கொடுத்தார்கள். அதன்பின் இந்தப் பீடத்தைக் கடந்து போகும்போதெல்லாம் நான் சற்று நின்றுதான் போகிறேன். சார்லஸ் 1575-ல் விசாரணை செய்த பெர்கமோ மறைமாவட்டத்தில், 2020-ன் கொள்ளைநோயில் இருபதுக்கும் மேற்பட்ட குருக்கள் மாண்டார்கள் என்று படித்தேன்.

1578-ல் ஆண்டவரின் திருச்சவச்சீலையை வணங்க மிலானிலிருந்து தூரின் நகர்வரை கால்நடையாகச் சென்றார். 1580-ல் காஸ்திலியோனே ஊரில், நாம் ஞானப்பிரகாசியார் என்று அழைக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் லூயிஜி கொன்சாகாவுக்குப் புதுநன்மை கொடுத்தவரும் இவரே.

1584 அக்டோபரில் வராலோ மலையில் தியானம் செய்துகொண்டிருந்தபோது காய்ச்சல் கண்டது. காய்ச்சலோடே படகேறி வந்து, பிறந்த ஊராகிய அரோனாவில் சகல புனிதர் திருநாளன்று கடைசிப் பூசை வைத்தார். நவம்பர் 3-ம் நாள் இரவு மிலானில் இறந்தார். வயது 46. அந்நாட்டில் அக்காலத்தில் பொழுது சாய்ந்தால் மறுநாள் பிறந்ததாகக் கணக்கு. ஆகவே திருநாள் 4-ம் தேதி. 1610-ல் திருத்தந்தை 5-ம் சின்னப்பர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். பெர்கமோ விசாரணைக் குறிப்புகளைப் பல்லாண்டு உழைத்துப் பதிப்பித்த ஒரு குருதான் பின்னாளில் திருத்தந்தை 23-ம் அருளப்பர். 1958-ல் தம் முடிசூட்டுக்கு நவம்பர் 4-ம் நாளையே தெரிந்துகொண்டார். அரோனாவில் செப்புத் தகட்டால் ஆன சார்லசின் பிரம்மாண்டமான சிலை 1698 முதல் நிற்கிறது. உள்ளே ஏணி வழியாக ஏறி அவர் கண்கள் வழியே ஏரியைப் பார்க்கலாம்.

அதே குடும்பப் பெயரோடு மிலானுக்கு இன்னொரு பேராயர் வந்தார். சார்லசின் சிற்றப்பா மகன் கர்தினால் பெதரிக்கோ பொரோமியோ. 1595-ல் பதவியேற்ற அவர், கற்றோர் எவரும் வந்து படிக்கலாம் என்று 1609-ல் அம்புரோசியார் நூலகத்தைத் திறந்தார். 1630-ல் மறுபடியும் கொள்ளைநோய் வந்தது. சார்லசின் திருவுடலைத் தெருவெல்லாம் பவனியாகக் கொண்டு போக வேண்டுமென்று நகரத்தார் கேட்டார்கள். தொற்று பெருகும் என்று அஞ்சி பெதரிக்கோ மறுத்தார். திரும்பத் திரும்பக் கேட்கவே, கடைசியில் இணங்கினார். சூன் 11-ம் நாள் பவனி நடந்தது. அடுத்த நாட்களில் சாவு பெருகிற்று. நகரத்து மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டார்கள். பெதரிக்கோ நகரை விட்டுப் போகவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் இறந்தார். மிலான் பேராலயத்தில் அவருக்கும் கல்லறை உண்டு. அண்ணன் உறங்குவது கீழ்த்தளத்தில், படிக்கப் பேழைக்குள்.