பென்னிகுவிக்கும் மலையேறிய பாரமும்

சேத்தியாத்தோப்பில் பிறந்த ஒருவன் அணை கட்டிய ஆங்கிலேயர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுந்தால், முறைப்படி சர் ஆர்தர் காட்டனைப் பற்றித்தான் எழுத வேண்டும். 1836-இல் அவர் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் எழுப்பிய கீழணையிலிருந்துதான் வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்கு வருகிறது. அந்த ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்த உடம்பு இது. அவரை விட்டுவிட்டு எங்கோ மேற்கு மலையில் அணை கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்கைப் பற்றி எழுதுவது நன்றி மறந்த செயல் என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும். இதற்குக் காரணம் என் தந்தையார்.

என் தந்தையார் ஒரு கலாசி. இச்சொல்லை அறியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஆலைகளில் பாய்லர், மோட்டார், இரும்பு உருளை போன்ற பெரும் பாரங்களை இறக்கி, நகர்த்தி, உரிய இடத்தில் ஏற்றி உட்கார வைப்பவர்களுக்குக் கலாசி என்று பெயர். கடப்பாரை, வடம், ஜாக்கி, செயின் பிளாக், உருட்டுவதற்கு நாலைந்து இரும்புக் குழாய்கள் இவைதாம் அவர்கள் ஆயுதங்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அப்பா. வீராணத்துத் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டு சென்ற புதிய வீராணம் திட்டம் 2004-இல் முடிந்தது. நான் பிறப்பதற்கு முந்திய அந்த நாள்களில், ஆள் உயரக் குழாய்களை லாரியிலிருந்து இறக்கிய கூட்டத்தில் அவரும் ஒருவர். பிறகு ஓர் ஆலையில் உருளை நழுவி இடக்கையின் இரண்டு விரல்கள் நசுங்கிப் போயின. அதன் பின்னும் அவர் அதே தொழிலைத்தான் செய்கிறார்.

சென்ற ஆண்டு பொங்கலின்போது ஒரு பாரத்துடன் அவர் தேனிப் பக்கம் போக நேர்ந்தது. விடுமுறையாதலால் நானும் லாரியில் தொற்றிக்கொண்டேன். கம்பத்தைத் தாண்டி, கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக்குக்கு 2013-இல் திறக்கப்பட்ட மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த நாள் ஜனவரி 15. நம் பொங்கலோடு ஒட்டி வருவதால் அன்று அங்கே மக்கள் பொங்கல் வைக்கிறார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் அப்பகுதியில் உண்டு. நான் சிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா சிலையைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரியும் கிரேனும் இல்லாத காலத்தில் இவ்வளவு இரும்பும் சுண்ணாம்பும் இந்த மலைமேல் எப்படிப் போயிற்று என்று கேட்டார். இயற்பியல் படிக்கும் மகனுக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரி திறந்ததும் நூலகத்தில் தேடத் தொடங்கினேன்.

ஜான் பென்னிகுவிக் 1841-ஆம் ஆண்டு புனாவில் பிறந்தார். தந்தையார் படைத்தளபதி. 1849 ஜனவரி 13 அன்று சீக்கியர்களுக்கு எதிரான சில்லியன்வாலாப் போரில் அவர் வீழ்ந்தார். பதினேழே வயதான மகன் அலெக்சாண்டர் தந்தையின் உடலைக் காத்து நின்று தானும் அங்கேயே மடிந்தான். சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய அன்றைக்கு இரண்டு நாள் பாக்கி. அந்த வீட்டில் அந்தப் பிறந்த நாள் எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பின்னர் இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியிலும் படித்தார். 1858-இல் சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1860-இல் இந்தியா வந்தார். 1867, 68-இல் அபிசீனியப் படையெடுப்புக்குப் போய் வந்தது தவிர, அவர் பணிக்காலமெல்லாம் பெரும்பாலும் சென்னை மாகாணத்துப் பொதுப்பணித் துறையிலேயே கழிந்தது. கிரிக்கெட்டில் அளவு கடந்த பற்றுள்ளவர் என்றும் படித்தேன்.

மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே வறண்டு கிடக்கும் வைகைக்குத் திருப்பும் எண்ணம் அவருடையதன்று. 1789-இலேயே இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை இதை எண்ணிப் பார்த்து, செலவுக்கு அஞ்சிக் கைவிட்டார். 1808-இல் கால்டுவெல் என்ற படைப் பொறியாளர் மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இது ஆகாத காரியம் என்று எழுதிக் கொடுத்தார். 1850-இல் ஒரு சிறு முயற்சி தொடங்கி, காட்டின் நோய்க்கு அஞ்சிய கூலியாட்கள் கூடுதல் கூலி கேட்டதால் நின்றது. அவர்கள் கேட்டதில் தவறில்லை என்பது என் கருத்து. 1882-இல் மேஜர் பென்னிகுவிக்கிடம் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு வந்தது. 1884-இல் அது ஏற்கப்பட்டது. அணை கட்டும் இடம் திருவிதாங்கூர் மன்னரின் நிலம். 1886 அக்டோபர் 29-இல் 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. அதை ஒட்டி இரண்டு மாநிலங்களுக்கிடையே இன்றளவும் நடக்கும் வழக்கு இக்கட்டுரையின் பொருளன்று. 1887-இல் வேலை தொடங்கியது.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

அணை அமைந்த இடம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 880 மீட்டர் உயரம். சுற்றிலும் யானையும் புலியும் உலவும் அடர்காடு. அருகில் ஊர் இல்லை, ஆள் இல்லை, அரிசி இல்லை. மிக அருகிலிருந்த இரயில் நிலையம் அம்மையநாயக்கனூர். அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து மலையடிவாரத்துக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். பாறையைத் துளைக்கும் கருவிகள், அவற்றை இயக்கும் காற்றழுத்திகள், இரும்புச் சாமான்கள், வெடிமருந்து, கூலியாட்களின் உணவு ஆகிய அத்தனையும் அந்த நூறு கிலோமீட்டரை மாட்டு வண்டியில் கடந்தன. கரும்பு வண்டி ஓட்டும் வீட்டுப் பிள்ளைகள் நம் கல்லூரியில் பலர் இருக்கிறார்கள். சமவெளியில், நல்ல சாலையில், மேடு ஒன்று குறுக்கிட்டாலே மாட்டின் வாயில் நுரை தள்ளுவதை அவர்கள் அறிவார்கள். இங்கே வழியின் முடிவில் நிற்பது மேடன்று, மலை.

சாய்தளத்தில் பாரம் ஏற்றும் கணக்கை நாம் முதலாண்டிலேயே படித்தோம். பாரத்தைத் தூக்கும் வேலையோடு, ஏறும் மாட்டின் உடலையும் வண்டியையும் தூக்கும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. மாடு தின்னும் தீவனத்தையும் மேலே கொண்டுபோகத்தானே வேண்டும்? அதற்கு இன்னொரு வண்டி. இப்படிப் போனால் கணக்கு முடியாது. எனவே அடிவாரத்திலிருந்து மலையுச்சிக்குக் கம்பிவடப் பாதை ஒன்று போட்டார்கள். இரும்புக் கம்பிவடத்தில் தொங்கியபடி சுமை மேலே சென்றது. அணைக்கு வேண்டிய சுண்ணாம்பு கீழ்ப்பக்கத்திலிருந்தே போக வேண்டியிருந்தது. மூட்டை மூட்டையாகப் பிரிக்கக்கூடிய அதைப் போன்ற பொருளுக்குக் கம்பிவடம் மிகவும் ஏற்றது.

மலையுச்சியை அடைந்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. அங்கிருந்து தேக்கடி, தேக்கடிக்கு அப்பால் காட்டுக்குள் அணை. சதுப்பும் செடிகொடியும் நிறைந்த அந்தக் காட்டில் பாரவண்டிக்கு ஏற்ற பாதையை ஆண்டு முழுதும் காப்பது மிகக் கடினம். மழை பெய்தால் சக்கரம் அச்சு வரை புதையும். பென்னிகுவிக்கும் அவருடன் இருந்த பொறியாளர்களும் இங்கே தண்ணீரைத் துணைக்கு அழைத்தார்கள். தேக்கடிப் பக்கமிருந்து பெரியாற்றை நோக்கி ஓடும் ஓடையில் தடுப்புகள் கட்டி, நீரைத் தேக்கி, படகு மிதக்கும் ஆழத்துக்கு அதைக் கால்வாய் போல ஆக்கினார்கள். வண்டியிலும் வடத்திலும் வந்த பாரம் அங்கே படகில் மாறி, ஓடை வழியே ஆற்றில் இறங்கி, அணைத் தலத்துக்குப் போயிற்று.

இதன் சிறப்பை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். ஐந்து மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள தட்டையான படகு ஒன்றைக் கொள்வோம். அதன் மேல் மூன்று டன் பாரம் ஏற்றினால் அது நீரில் கூடுதலாக அமிழ்வது முப்பது சென்டிமீட்டர்தான். ஆர்க்கிமிடீசின் விதி அவ்வளவு எளியது. அந்த மூன்று டன்னையும் மெதுவாகச் செலுத்த இரண்டு பேர் கழி ஊன்றினால் போதும். அதே பாரத்தைக் காட்டுச் சேற்றில் வண்டியில் இழுக்க எத்தனை ஜோடி மாடு வேண்டும் என்பதை மாடு வைத்திருப்பவர்களே சொல்லட்டும். இன்னொன்றும் உண்டு. அணை உயர உயர, அதன் பின்னே தேங்கிய நீர் பரந்து விரிந்து தேக்கடி வரை எட்டிற்று. கட்டும் வேலையே கட்டுவதற்கான பாதையைச் செய்துகொண்டது. இன்றும் தேக்கடியிலிருந்து அணைக்கு அதிகாரிகள் படகில்தான் போய் வருகிறார்கள்.

பாரம் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஆறு விடவில்லை. ஓடும் ஆற்றை ஒதுக்கி அடித்தளம் போடுவதற்காக எழுப்பிய தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. கம்பியிலும் வண்டியிலும் படகிலும் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த பொருள் ஒரே இரவில் ஆற்றோடு போனால் எப்படி இருக்கும்! சென்னைப் பயனியர் படையின் முதலாம், நான்காம் பட்டாளத்தாரும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசியத் தச்சர்களும், நம் நாட்டுக் கூலியாட்களும் மறுபடி மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். ஆண்டில் சில மாதங்கள் மழையாலும் காய்ச்சலாலும் வேலையே நடக்காது. மலேரியா கொசுவால் வருவது என்று ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897-இல். அணை முடிந்ததோ 1895-இல். எதனால் சாகிறோம் என்பதே தெரியாமல் அவர்கள் செத்தார்கள். நோயில் இறந்தவர்கள் நானூறு பேருக்கு மேல். அணைக்கருகே அவர்களைப் புதைத்த இடம் இருக்கிறது. அவர்களுக்கு மணிமண்டபம் இல்லை.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளம் அடித்துப் போனபின் அரசு பணம் தர மறுத்ததாகவும், பென்னிகுவிக் தம் மனைவியின் நகைகளை விற்று அணையைக் கட்டி முடித்ததாகவும் தேனிப் பக்கம் எல்லாரும் சொல்வார்கள். கட்டுரையின் முதற்படியில் அதைத்தான் விரிவாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த எங்கள் பேராசிரியர், இதற்கு என்ன ஆவணம் என்று கேட்டார். ஆவணம் ஏதும் காட்ட என்னால் இயலவில்லை. இவ்வளவு பெரிய அரசு வேலையை ஒருவர் வீட்டு நகை தாங்கியிருக்குமா என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். இருந்தும் அந்தப் பக்கத்தை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. முதலாண்டுச் சேர்க்கையின்போது என் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. இன்னும் திரும்பவில்லை. அதனால் அந்தக் கதை உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஆசை சான்றாகாது. கதையாக மட்டும் அதை இங்கே நிறுத்திவிட்டு மேலே செல்கிறேன்.

1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு பெரியாற்று நீரைத் திறந்துவிட்டார். அணையின் உயரம் 53.66 மீட்டர், நீளம் சுமார் 366 மீட்டர். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு கட்டியது. மலையைக் குடைந்த சுரங்க வழியின் நீளம் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கிலோமீட்டர். அவ்வழியே வந்த நீர் வைகையில் சேர்ந்து மதுரைச் சீமையின் வயல்களுக்குப் பாய்ந்தது.

அதன்பின் பென்னிகுவிக் இந்தியாவில் நெடுநாள் இருக்கவில்லை. 1896 முதல் 1899 வரை இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1897-இல் இலண்டன் சிவில் பொறியாளர் கழகத்துக்குப் பெரியாற்றைத் திருப்பிய வரலாற்றைக் கட்டுரையாக அளித்தார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க ஆலோசனை கூற 1899-இல் அழைக்கப்பட்டார். 1911 மார்ச் 9-இல் கேம்பர்லி என்ற ஊரில் காலமானார். கல்லறை அருகிலுள்ள ஃபிரிம்லி தேவாலயத்தில். அந்தக் கேம்பர்லியிலேயே 2022-இல் தமிழக அரசு அவருக்குச் சிலை வைத்தது.

எழுதி முடித்ததும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வண்டியும் கம்பிவடமும் அவரை வியக்க வைக்கவில்லை, தலையாட்டிக்கொண்டே கேட்டார். படகு வந்ததும் நிறுத்தச் சொன்னார். தண்ணீரில் போவது எளிது, கரையிலிருந்து படகில் பாரத்தை இறக்கும் அந்த ஒரு நிமிடம்தான் ஆபத்து, அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். பிறகு அம்மாவிடம் அகலமான அலுமினியத் தட்டு ஒன்றை வாங்கி, முற்றத்துத் தொட்டியில் மிதக்கவிட்டு, அம்மிக் குழவியை எடுத்தார். விளிம்பில் வைத்ததும் தட்டு சாய்ந்து நீர் மொண்டது. மறுபடி துடைத்து மிதக்கவிட்டு, எதிர் விளிம்பை என்னைப் பிடிக்கச் சொல்லி, மூன்று விரல் உள்ள அந்தக் கையால் குழவியை நடுவுக்கு மெல்ல உருட்டினார். தட்டு ஒரு விரற்கடை அமிழ்ந்து நின்றது. இப்போது கையை எடு என்றார்.