வீணாய்ப் போன வெப்பத்தைக் கணக்குப் பார்த்தவர்

நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் வாட் என்று சின்ன வகுப்பில் படித்தோம். அது முழு உண்மையில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே, 1712-லேயே, நியூகாமனின் எஞ்சின் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்தது. வாட் செய்தது வேறு.

1736 ஜனவரி 19-ல் ஸ்காட்லாந்தின் கிரீனாக் ஊரில் பிறந்தார் வாட். லண்டனில் ஒரு வருடம் கருவி செய்யும் தொழில் பழகிவிட்டு கிளாஸ்கோவில் கடை போடப் போனார். முறைப்படி ஏழு வருடம் பழகவில்லை என்று கைவினைஞர் சங்கத்தார் தடுத்துவிட்டார்கள். 1757-ல் பல்கலைக்கழகம்தான் ஒரு பட்டறை கொடுத்து ஆதரித்தது.

1763-64 குளிர்காலத்தில் நியூகாமன் எஞ்சினின் மாடல் ஒன்று ரிப்பேருக்கு வந்தது. சரி செய்தும் நாலு ஸ்ட்ரோக் ஓடி நின்னுடும். வேற ஆளா இருந்தா கூலியை வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார். வாட் நீராவியை அளந்தார். சிலிண்டருக்குள்ளேயே குளிர்ந்த நீரைத் தெளிப்பதால் சிலிண்டரும் ஆறிப்போகுது. அதை மறுபடி சூடாக்கவே நீராவியில் பெரும்பகுதி வீண்! உள்ளுறை வெப்பத்தைப் பேராசிரியர் ஜோசப் பிளாக் விளக்கினார். 1765-ல் வழி பிறந்தது: தனிக் கண்டென்சர். சிலிண்டர் எப்போதும் சூடு, கண்டென்சர் எப்போதும் குளிர்ச்சி.

ஆனால் யோசனை மட்டும் சோறு போடவில்லை. 1769-ல் பேட்டன்ட் கிடைத்தும், குடும்பத்துக்காகக் கால்வாய் சர்வே வேலைக்கு அலைந்தார். 1775-ல் போல்டன் கூட்டாளியானார். வில்கின்சன் சிலிண்டரைத் துல்லியமாகக் குடைந்து கொடுத்தார். 1776-ல் பெரிய எஞ்சின்கள் ஓடின.

ஆரம்பத்தில் அவர்கள் முழு எஞ்சினை விற்கவில்லை. வரைபடம், மேற்பார்வை, சில முக்கிய பாகங்கள், அவ்வளவுதான். பழைய எஞ்சினைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமோ, அதன் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கட்டணம். கார்ன்வால் சுரங்கக்காரர்கள் சிலர் தர மறுத்து, கோர்ட் வரை போனது. 1800 வரை நீண்ட அந்தப் பேட்டன்ட் மற்றவர்களின் முயற்சிக்குத் தடையாக இருந்ததும் உண்மை. 1819 ஆகஸ்ட் 25-ல், 83 வயதில் மறைந்தார். இன்று ஒவ்வொரு பல்பிலும் அவர் பெயர் இருக்கிறது.

எங்க குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா அரிசி மில்லில் பாய்லருக்கு உமி போடுகிறவர். இதைப் படிச்சு என்ன வேலை செய்வே என்று கேட்டார். அன்று பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். நீங்க போடுற உமியில் எவ்வளவு சூடு வீணாகுதுன்னு அளந்து, அதைக் குறைக்க வழி சொல்ற வேலைப்பா!