திட்டம் கடல்ல போச்சு, கப்பல் 200 வருஷம் நின்னுச்சு!

குட் டே பிஸ்கட் சாப்பிட்டிருப்பீங்க. அந்தக் கம்பெனியை நடத்துற வாடியா குடும்பத்தோட ஆதித் தொழில் பிஸ்கட் இல்லை, கப்பல். குஜராத்தியில் வாடியா என்றாலே கப்பல் கட்டுபவர்தான்.

1736-ல் லவ்ஜி என்ற பார்சி தச்சர், கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் கட்ட சூரத்தில் இருந்து பம்பாய் வந்தார். அவரோட பேரன்தான் நம்ம ஹீரோ, ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. பிறந்தது 1754-ல். 1792-ல் பெரியப்பா மகன் ஃப்ராம்ஜியோடு சேர்ந்து கப்பல் தளத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1804-ல் ஃப்ராம்ஜி இறந்த பிறகு மொத்தச் சுமையும் இவர் தலையில்.

அப்போ நெப்போலியனோடு சண்டை போட்டுட்டிருந்த பிரிட்டனுக்கு ஓக் மரப் பஞ்சம். பம்பாயிலோ மலபார் தேக்கு இருந்தது. ஓக்கில் இருக்கிற அமிலம் இரும்பு ஆணியை அரிச்சுடும். தேக்கில் இருக்கிற எண்ணெய் அதைக் காப்பாத்தும், மரமும் சீக்கிரம் உளுத்துப்போகாது. சீனாவுக்குப் பருத்தி ஏத்திப்போற வணிகக் கப்பல்களைக் கட்டிப் பழகின அதே தளத்தில், 1810-ல் மிண்டன் தண்ணியில் இறங்குச்சு. பிரிட்டிஷ் கடற்படைக்கு 74 பீரங்கிகளோட ஒரு பெரிய போர்க்கப்பல்!

அடுத்து வந்ததுதான் உண்மையான சோதனை. ஒரு புதுப் போர்க்கப்பலுக்கான வரைபடங்களோட இங்கிலாந்தில் இருந்து ஜாவா என்ற கப்பல் பம்பாய்க்குக் கிளம்புச்சு. 1812 டிசம்பரில் பிரேசில் கடல்பக்கம் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒண்ணு அதைத் தாக்கி அழிச்சது. வரைபடமும் போச்சு. மறுபடி வரைஞ்சு அனுப்பி, வேலை தொடங்கவே 1816 ஆயிடுச்சு. பார்சி வழக்கப்படி, ஜம்ஷெட்ஜி தன் கையாலேயே கப்பலோட அடிமரத்தில் ஒரு வெள்ளி ஆணி அடிச்சார். 1817 அக்டோபர் 12-ல் கடலைத் தொட்டுச்சு. பேர் என்ன தெரியுமா? டிரிங்கமலி. நம்ம திருகோணமலைதான்!

ஆனா, அந்தக் கப்பல் போருக்குன்னு கிளம்பினதை அவர் பார்க்கவே இல்லை. இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் தேவையில்லைன்னு கட்டிப்போட்டுட்டாங்க. 1821-ல் ஜம்ஷெட்ஜி இறந்துட்டார். அது சேவைக்கு வந்தது 1840-களில்தான்.

1813-ல் அவர் இறக்கிவிட்ட இன்னொரு கப்பல் கார்ன்வாலிஸ். 1842-ல் முதல் அபினிப் போரில் தோத்த சீனா, ஹாங்காங்கை பிரிட்டனுக்குக் கொடுக்குற நான்கிங் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அந்தக் கப்பல் மேலதான். தச்சரோட கைத்திறமை அசாத்தியம். அது யாருக்கு வேலை செஞ்சது என்று யோசிச்சா கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது.

டிரிங்கமலி அப்புறம் வேற பேரில் பல வருஷம் பயிற்சிக் கப்பலா இருந்துச்சு. 1987-ல் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலுக்குக் கொண்டுவந்து பழுது பார்த்து, பழைய பேரையே திரும்ப வெச்சாங்க. பிரிட்டனோட போர்க்கப்பல்களில் இன்னும் தண்ணியில் மிதக்குறதிலேயே பழசு இதுதான். டிக்கெட் எடுத்தா ஏறிப் பார்க்கலாம். காலுக்குக் கீழே மலபார் தேக்கு!