ஆடுகளம் முதல் ஆளுநர் மாளிகை வரை: சர் டக்ளஸ் நிக்கோல்ஸ்

மூன்றாம் வகுப்பிற்கு மேல் கற்க வழியின்றி வளர்ந்த ஒருவர், பின்னாளில் ஒரு மாநிலத்தின் ஆளுநராகப் பதவியேற்றார். அவர்தாம் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெருமகன் சர் டக்ளஸ் நிக்கோல்ஸ். அன்னாரின் வாழ்வை ஈண்டு சுருங்கக் காண்போம்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், மர்ரே ஆற்றங்கரையிலுள்ள கம்மராகஞ்சா என்னும் பழங்குடியினர் குடியிருப்பில், யோர்ட்டா யோர்ட்டா இனத்தில் 1906 டிசம்பர் 9ஆம் நாள் அவர் பிறந்தார். அங்கு நெடுங்காலம் ஆசிரியப் பணியாற்றியவர் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ். மொரீஷியஸ் தீவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். அவரிடம் பயின்றோர் பலர் பிற்காலத்தில் உரிமைப் போராட்டத்தின் தூண்களாயினர் என்பதை ஆசிரியர்களாகிய நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். ஆயினும் பழங்குடிச் சிறார்க்கு அரசு அளித்த கல்வி மிகக் குறைவே. நிக்கோல்ஸ் சிறுவராயிருந்தபோதே அவருடைய தமக்கை ஹில்டாவைக் காவலர் வலிந்து கொண்டுசென்று வீட்டுவேலைப் பயிற்சி விடுதியில் சேர்த்தனர். அவரும் இளவயதிலேயே ஆட்டுப் பண்ணைகளில் கூலி வேலைக்குச் சென்றார்.

அவர் கண்ட வழி விளையாட்டு. ஆஸ்திரேலியக் கால்பந்து, நீள்வட்டத் திடலில் அணிக்குப் பதினெண்மர் ஆடுவது, பந்தும் நீள்வட்டமே. உயர்ந்து தாவிப் பந்தைப் பிடிப்போர் போற்றப்படும் அவ்வாட்டத்தில், ஐந்தடி இரண்டங்குல உயரமே உடைய நிக்கோல்ஸ் தம் கால்களின் விரைவை நம்பினார். மெல்போர்ன் நகரின் கார்ல்டன் கழகத்தில் சேர முயன்றபோது, அவருடைய கரிய மேனியைத் தொட்டுப் பிடித்துவிட அங்கிருந்தோர் மறுத்தனர். தீண்டாமையின் கொடுமையை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அவர் சோர்ந்து ஊர் திரும்பினாரல்லர். நார்த்கோட் கழகத்தில் சேர்ந்தார். அக்கழகம் 1929இல் வாகை சூடியது. அதே ஆண்டில் வாராக்நபீல், நயா ஆகிய ஊர்களின் ஓட்டப் பந்தயங்களிலும் அவர் வென்றார். 1932 முதல் 1937 வரை ஃபிட்ஸ்ராய் கழகத்திற்காக 54 ஆட்டங்கள் ஆடினார். அங்கும் தொடக்கத்தில் உடைமாற்றும் அறையில் தனித்தே அமர்ந்திருந்தார். அப்போது புகழ்பெற்ற வெள்ளையின வீரர் ஹேடன் பன்டன் தாமே வந்து அவரருகில் அமர்ந்து நட்புக்கொண்டார். 1935இல் விக்டோரியா மாநில அணியில் ஆடிய முதற் பழங்குடி வீரர் என்னும் சிறப்பு நிக்கோல்ஸைச் சேர்ந்தது.

ஆடுகளத்தில் பெற்ற புகழைத் தம் மக்களின் நலனுக்கு முதலாக்கியதே அவர்தம் பெருமை. 1938 ஜனவரி 26இல் சிட்னியில் பழங்குடியினர் நடத்திய துக்க நாள் மாநாட்டில் பங்குகொண்டார். ஃபிட்ஸ்ராயில் கிறித்தவப் போதகராய்ப் பணிசெய்தார். மனைவி கிளாடிஸ் அம்மையாருடன் பழங்குடிப் பெண்களுக்கு விடுதி அமைத்தார். 1957இல் தோன்றிய பழங்குடியினர் முன்னேற்றச் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். 1967ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில், அரசியல் சட்டம் பழங்குடியினரை ஒதுக்கிவைத்த பகுதிகளை நீக்க நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இசைந்தனர். அதற்காக உழைத்தோருள் அவரும் ஒருவர்.

1972இல் சர் பட்டம் பெற்ற முதற் பழங்குடியினரானார். 1976 டிசம்பர் 1ஆம் நாள் தென் ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார். உடல்நலக் குறைவால் ஐந்தே திங்களில் விலக நேர்ந்தது. 1988 ஜூன் 4இல் மறைந்தார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நிகழ்ந்தது. அன்னாரின் உடல் பிறந்த மண்ணாகிய கம்மராகஞ்சாவிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது. 2016 முதல் ஆஸ்திரேலியக் கால்பந்துப் போட்டிகளில் ஆண்டுதோறும் ஒரு சுற்று அவர் பெயரால் நடத்தப்படுகிறது.

உயர்ந்த பின்னும் அவர் தம்மவரை மறந்தாரல்லர். நம் மாணாக்கர் அவருடைய விரைவைக் கண்டு வியப்பதோடு நில்லாமல், பெற்ற உயர்வைப் பிறர்க்கு ஏணியாக்கிய அப்பண்பையும் கைக்கொள்வார்களாக.